மூக்கால் வடிவது தடிமன் நீர்தானா?

வெள்ளவத்தையில் இருக்கும் என் சின்னம்மா, காலையில் சாமித்தட்டுக்கு முன் குனிந்து திரியைத் தூண்டும்போது வலது மூக்கிலிருந்து மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். வெறும் தெளிந்த தண்ணீர், சளியே இல்லை. தொண்டைக்குள் இறங்கினால் உப்புக் கரிக்கும் என்பார். பீனிசம் என்று இரண்டு வருடம் மாத்திரை குடித்தார். அதற்குள் இரண்டு தடவை மூளைக்காய்ச்சல். கழுத்து விறைத்து, வெளிச்சத்துக்குக் கண் திறக்க முடியாமல் வாட்டில் கிடந்தார். ஊசிமருந்தில் இரண்டு தடவையும் சுகமானது. அது ஏன் திரும்பி வந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மூளையும் முண்ணாணும் தெளிந்த ஒரு நீரில் மிதக்கின்றன. மூளை முண்ணாண் பாய்பொருள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வளர்ந்தவரில் ஒரு நேரத்தில் இருப்பது ஏறத்தாழ 150 மில்லிலீற்றர்தான். ஆனால் ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லிலீற்றர் சுரந்து, இரத்தத்தில் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

சின்னம்மாவின் மூக்கால் சொட்டியது இந்த நீர்தான். இதற்கும் மூக்குக்கும் இடையில் இருப்பது சவ்வும் மிக மெல்லிய எலும்புத் தகடும்தான். மணம் அறியும் நரம்புகள் இறங்குவதற்காக அந்தத் தகட்டில் மா அரிக்கும் அரிதட்டைப் போலத் துளைகள் உண்டு. விபத்தில் உடைந்தால் நீர் ஒழுகும் என்பது எளிதில் விளங்கும். அடிபடாமலே ஒழுகுவது எப்படி? பலரில் காரணம் தலைக்குள் கூடிய அழுத்தம். ஒவ்வொரு நாடித்துடிப்போடும் அந்த அழுத்தம் எலும்பைத் தட்டித் தட்டி, வருடக்கணக்கில் தேய்த்துவிடுகிறது. தேய்ந்த இடத்தால் சவ்வு பிதுங்கி, ஒரு நாள் கிழிகிறது. உடற்பருமன் கூடிய நடுவயதுப் பெண்களில் இதை அதிகம் காண்கிறார்கள். சிலருக்குக் காதுப்பக்கத்து எலும்பில் ஓட்டை விழும். அந்த நீரும் நடுக்காதுக் குழாயால் மூக்குக்கே வரும்.

நீர் இறங்கும் வழியால் கிருமி ஏறும். நியூமோகொக்கசு என்ற பக்டீரியா நம்மில் பலரின் மூக்கிலும் தொண்டையிலும் தொந்தரவில்லாமல் குடியிருப்பது. மூளையைச் சுற்றிய நீரில் நோயெதிர்ப்புப் புரதங்கள் மிகக் குறைவு. அங்கே போய்ச் சேர்ந்தால் மளமளவென்று பெருகும். மருந்து அந்தக் கிருமியைக் கொல்லும், ஓட்டையை அடைக்காது.

சின்னம்மாவின் லேஞ்சியில் ஒன்று கவனித்தேன். சளி காய்ந்தால் துணி கஞ்சி போட்டதுபோல் மொடமொடக்கும். அவருடையது காய்ந்த பிறகும் மெதுமெதுவென்றே இருந்தது. இது பழைய வைத்தியர்களும் பார்த்த அடையாளம். சந்தேகப்பட இது போதும், முடிவு சொல்லப் போதாது. உறுதிசெய்ய, வடியும் நீரைச் சிறு போத்தலில் பிடித்து பீற்றா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூக்குச் சளியில் அது இராது. பிறகு நுணுக்கமான சீ.டி. ஸ்கானிலும் எம்.ஆர்.ஐ.யிலும் ஓட்டை இருக்கும் இடத்தைத் தேடுவார்கள்.

இப்போது பெரும்பாலும் மண்டையோட்டைத் திறக்கத் தேவையில்லை. மூக்குத் துவாரத்தால் கமரா பொருத்திய குழாயை விட்டு, உடலிலிருந்தே எடுத்த கொழுப்பையோ சவ்வையோ வைத்து அடைக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்குச் சரிவருகிறது. நியூமோகொக்கசுத் தடுப்பூசியும் போட வேண்டும். தலைக்குள் அழுத்தம் கூடியிருந்தால் அதற்கும் வைத்தியம் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் நீர் இன்னோர் இடத்தில் வழி தேடும். சின்னம்மாவுக்கு ஒட்டுப் போட்டு ஆறு கிழமை. மூக்குச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். திரியைத் தூண்டுவது இப்போதைக்கு நான்தான்.