பம்பாஸ் புல்லு கண்ணுல கீறுனா மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீங்க

ஓசூர் பக்கம் இப்ப எந்த வில்லா லேஅவுட்டுக்குப் போனாலும் கேட்டு பக்கத்துல இந்தப் புல்லு நிக்குது. பத்தடி வரைக்கும் வளரும், மேல வெள்ளை வெள்ளையா குஞ்சம், கல்யாண ஸ்டேஜ்ல காய வெச்சு சொருகுறாங்களே, அதேதான். தென் அமெரிக்காவுல இருந்து வந்த பம்பாஸ் கிராஸ். அழகுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா கண் டாக்டரான எனக்கு பூவை விட இலை மேலதான் கண்ணு போகும்.

பாலக்கோடு பக்கம் கரும்பு வெட்டுனவங்ககிட்ட சோகை, அதான் கரும்பு இலை, எப்படி அறுக்கும்னு கேளுங்க. இதுவும் அதே புல் குடும்பம்தான், இலை ஓரம் பூரா பொடிப்பொடியா ரம்பப்பல்லு, ஒரு பக்கமா தடவுனா வழவழன்னு இருக்கும், திருப்பித் தடவுனா ரத்தம்.

போன வருஷம் ஒருத்தர் வந்தார், வில்லா லேஅவுட்ல தோட்ட வேலை, அம்பது வயசு இருக்கும். வெட்டுன புதரை குனிஞ்சு அள்ளும்போது இலை நுனி வலது கண்ணுல சுளீர்னு பட்டிருக்கு. அன்னைக்கு வரல. வீட்ல விளக்கெண்ணெய் விட்டாங்க, மறுநாள் கடையில கேட்டு ஒரு டிராப்ஸ். “ரெண்டு நாள்ல செவப்பு போயிடுச்சு மேடம், சரியாயிடுச்சுன்னு இருந்துட்டேன்”னு சொல்லி பாட்டிலைக் காட்டுறார், ஸ்டீராய்டு கலந்தது. செவப்பு போனது நிஜம்தான். கிருமிகூட உடம்பு போடுற சண்டைதான் அந்த செவப்பு, ஸ்டீராய்டு சண்டையை நிறுத்திடும், அப்புறம் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஒன்பதாம் நாள் பார்க்கறேன், கருவிழியில மிளகு சைஸுக்கு வெள்ளை, ஓரமெல்லாம் பிசிறு பிசிறா. கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்ல வெச்சா நூல் நூலா பூஞ்சை.

நட்டாமைசின்னு பூஞ்சைக்கான சொட்டு மருந்து ஆரம்பிச்சோம். பால் மாதிரி கலங்கலா இருக்கும், குலுக்கிட்டுத்தான் விடணும், மணிக்கொரு சொட்டு, ராத்திரியும் எழுந்து. ரெண்டு மாசம் கூலி போச்சு. கண்ணு தப்பிச்சுது, ஆனா நடுவுல தழும்பு நின்னுடுச்சு, அந்தக் கண்ணால விரலை எண்ணுவார், அவ்வளவுதான்.

மதுரையில பண்ணி 1997ல வெளியான ஒரு ஆய்வுல, கருவிழிப் புண்ணுல கிருமி வளர்ந்த கேஸ்கள்ல கிட்டத்தட்ட பாதி பூஞ்சை, பாதி பாக்டீரியா. எதுன்னு நானே லேப்ல பார்த்துதான் சொல்றேன், கவுன்டர்ல நிக்கற தம்பி எப்படி சொல்லுவார்?

அதனால இலை பட்டா சுத்தமான தண்ணியில கழுவுங்க, தேய்க்காதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க. தாய்ப்பால், இலைச்சாறு, நாக்கால தூசி எடுக்கறது எதுவும் வேணாம் (இன்னும் வாரத்துக்கு ஒருத்தர் வர்றாங்க சாமி). வலி குறைஞ்சாலும் அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. புதரை வெட்டறதுக்கு முன்னாடி கயிறு போட்டு கட்டா கட்டிக்கங்க, முழுக்கை சட்டை, தோல் கிளவுஸ், முக்கியமா கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. வில்லா ஓனருங்களே, செடிக்கு அவ்வளவு குடுக்கறீங்க, அந்த கண்ணாடியையும் நீங்களே வாங்கிக் குடுங்க.

அந்தத் தோட்டக்காரர் இப்பவும் அதே லேஅவுட்லதான். நான் குடுத்த கண்ணாடி இருக்கு. போன வாரம் பார்த்தப்ப நெத்தி மேல ஏத்தி விட்டிருந்தார், “வேர்க்குது மேடம்”ங்கறார்.