கல்லூரி சேஃப்டியை எடைபோடும் கணக்கு

2022 மார்ச்சில் இண்டியானாபொலிஸ் நகரில் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல், கல்லூரி வீரர்களைச் சோதிக்க நடத்திய கம்பைன் தேர்வில், நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியின் கைல் ஹாமில்டன் 40 யார்டு தொலைவை, அதாவது 36.6 மீட்டரை, 4.59 நொடியில் ஓடி முடித்தார். 193 சென்டிமீட்டர் உயரமும் 100 கிலோ எடையும் கொண்ட ஒருவருக்கு இது மோசமான வேகம் அல்ல. ஆனாலும் அவர் ஆடும் சேஃப்டி இடத்துக்கு இது போதாது என்ற பேச்சு எழுந்தது. முதல் ஐந்து இடங்களுக்குள் தேர்வாவார் என்று பலர் கணித்திருந்த ஹாமில்டனை, அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும், அடுத்த மாதம் நடந்த டிராஃப்டில் பால்டிமோர் ரேவன்ஸ் அணி 14-ஆவது இடத்தில் எடுத்துக்கொண்டது. அந்த ஓட்ட நேரத்துக்கு அவ்வளவு எடை கொடுத்திருக்க வேண்டுமா என்பதை எளிய இயற்பியலைக் கொண்டே ஆராயலாம்.

அமெரிக்கக் கால்பந்தில் தற்காப்பு அணியின் கடைசி வரிசையில் நிற்பவர் சேஃப்டி. அவரைத் தாண்டிவிட்டால் எதிரணிக்கும் புள்ளிக்கும் இடையே பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. களத்தின் அகலம் 160 அடி. ஆழத்தில், நடுவில் தனியாக நிற்கும் சேஃப்டிக்கு இரு பக்க எல்லைக்கோடுகளும் 80 அடி, ஏறத்தாழ 24 மீட்டர் தள்ளியிருக்கும். இந்தப் பரப்பை ஒருவரால் எவ்வளவு தூரம் காக்க முடியும் என்பதே அவரைப் பற்றிய முதல் கேள்வி.

எதிரணியின் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் 30 பாகைக் கோணத்தில், நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் பந்தை எறிகிறார் என்று கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டால், பந்து சுமார் 2.2 நொடி வானில் இருந்து ஏறத்தாழ 43 மீட்டர் தள்ளி இறங்கும். நின்ற இடத்திலிருந்து புறப்படும் ஒரு சேஃப்டி அந்த 2.2 நொடியில் சுமார் 15 மீட்டர் ஓடுவார். 40 யார்டு ஓட்டத்தில் அவர் பத்தில் ஒரு நொடி வேகமானவராக இருந்தால், இந்த 15 மீட்டரில் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஓர் அடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அவரே பந்து கையைவிட்டுப் போவதற்கு அரை நொடி முன்பே புறப்பட்டிருந்தால், சுமார் 4 மீட்டர் கூடுதலாகக் கடந்திருப்பார். கால்களின் வேகம் தருவதைப் போல் பத்து மடங்குக்கும் மேலான பலனை, புறப்படும் நேரம் தந்துவிடுகிறது. ஸ்டாப்வாட்ச் இந்த இரண்டில் முதலாவதை மட்டுமே அளக்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டருகே நிற்பவர் பந்து மட்டையைவிட்டுக் கிளம்பிய பின்பு ஓடத் தொடங்கினாலும் பல கேட்சுகளைப் பிடித்துவிடலாம்; சேஃப்டி அப்படிக் காத்திருந்தால் தாமதமாகிவிடும். அவர் குவாட்டர்பேக்கின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது, முன்னங்கால் எங்கே ஊன்றுகிறது, பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்கள் இருவர் ஒன்றாகச் சேர்ந்து எந்த வகை ஓட்டப் பாதையை எடுக்கிறார்கள் என்பதையெல்லாம் கண்ணுக்குள் வைத்து, பந்து போகும் இடத்தை ஊகித்தாக வேண்டும். ஊகம் தவறினால் எதிர்த்திசை திறந்துகிடக்கும். ஆகவே துணிச்சல் மட்டும் இருந்தால் போதாது.

இந்த அறிவைத் தேடுபவர்கள் தொலைக்காட்சிப் படத்தை நம்புவதில்லை, ஏனெனில் அதில் சேஃப்டி பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறார். 22 ஆட்டக்காரர்களும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுத்த படத்தை ஓடவிட்டு, எறிவதற்குக் கை மேலெழும் கணத்தில் நிறுத்தி, சேஃப்டியின் இடுப்பைப் பார்ப்பார்கள். இடுப்பு அதற்குள் திரும்பியிருந்தால் பந்து போகும் இடத்தை அவர் முன்பே ஊகித்துவிட்டார் என்று பொருள். பாதங்கள் இன்னும் தரையில் தட்டையாகப் பதிந்து, குதிகாலில் எடை தங்கியிருந்தால், எவ்வளவு வேகக்காரராக இருந்தாலும் அவர் பின்தங்கிவிட்டார். 2021 செப்டம்பரில் ஃபுளோரிடா ஸ்டேட் அணிக்கு எதிராக ஹாமில்டன் எடுத்த ஓர் இன்டர்செப்ஷனில், அதாவது எதிரணி எறிந்த பந்தை இடைமறித்துப் பிடித்ததில், களத்தின் ஒரு பாதியில் நின்றிருந்தவர் மறுபக்க எல்லைக்கோடுவரை ஓடிவந்து பந்தைப் பறிக்கிறார். 4.59 என்ற எண்ணைக் கொண்டு மட்டும் அந்த ஓட்டத்தை விளக்கவே முடியாது.

கல்லூரிப் படத்தை அப்படியே நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆட்டம் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் ஹேஷ் கோடுகள் கல்லூரிக் களத்தில் 40 அடி இடைவெளியிலும், என்எஃப்எல் களத்தில் 18 அடி 6 அங்குல இடைவெளியிலும் இருக்கின்றன. கல்லூரியில் பந்து ஒரு கோட்டில் இருக்கும்போது தொலைவான எல்லைக்கோடு 100 அடி தள்ளியிருப்பதால், அங்கே எறியப்படும் பந்து நீண்ட நேரம் வானில் மிதந்து, சேஃப்டிக்கு அவகாசம் தருகிறது. தொழில்முறை ஆட்டத்தில் பந்து எப்போதும் நடுவையொட்டியே தொடங்குவதால் இரு பக்கமும் ஏறக்குறைய சமமான ஆபத்து உண்டு. அந்த அவகாசமும் சுருங்கிவிடுகிறது.

இன்டர்செப்ஷன் எண்ணிக்கை இதைவிடப் பலவீனமான சான்று. ஒரு பருவத்தில் பன்னிரண்டு பதின்மூன்று ஆட்டங்களே நடக்கும் நிலையில், நல்ல சேஃப்டி நிற்கும் பக்கம் எதிரணி பந்தை எறிவதையே தவிர்க்கும். தட்டுப்பட்டு எழும்பும் பந்து யார் கையில் விழும் என்பதும் பெருமளவு தற்செயல்தான். பந்தோடு ஓடுபவரை மடக்கி வீழ்த்தும் டேக்கிள்களின் எண்ணிக்கையும் ஏமாற்றக்கூடியது, ஏனெனில் முன்வரிசை பலவீனமான அணியில் கடைசி ஆள்தான் அதிகம் மடக்க வேண்டியிருக்கும். அவர் எந்தக் கோணத்தில் நெருங்குகிறார் என்பதைப் பார்ப்பதே மேல்: பந்தோடு ஓடுபவர் இப்போது இருக்கும் இடத்தை நோக்கி அல்லாமல், இருவரும் சந்திக்கப்போகும் இடத்தை நோக்கி ஓடி, அவரை எல்லைக்கோட்டுப் பக்கம் ஒதுக்குகிறாரா என்று கவனிக்க வேண்டும்.

எடுத்த அணி அவரை எங்கே நிறுத்துகிறது என்பதையும் விட்டுவிட முடியாது. ரேவன்ஸ் ஹாமில்டனை ஆழத்தில் மட்டும் நிறுத்தாமல், ரிசீவர்களுக்கு எதிரிலும் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாயும் இடத்திலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியது. 2023 செப்டம்பரில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்கு எதிராக முதல் பாதியிலேயே அவர் குவாட்டர்பேக்கை மூன்று முறை வீழ்த்தினார். அந்தப் பருவத்தின் முடிவில் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியலான ஆல்-புரோ முதல் அணியிலும் இடம்பெற்றார். உயரமும் நீண்ட கைகளும் அந்த நெருக்கமான இடங்களில்தான் முழுப் பயன் தருகின்றன; அங்கே 40 யார்டு நேராக ஓட வேண்டிய தேவை அநேகமாக எழுவதே இல்லை.