எண்ணெய்க் கறை போகும்வரை டிரையர் வேண்டாம்

தீபாவளி முடிந்ததும் எங்கள் சலவைக் கடைக்கு வரும் வேட்டி சட்டைகளில் பாதிக்கு மேல் எண்ணெய்க் கறைதான். "துவைச்சாச்சு, போகலை" என்பார்கள். டிரையரில் போட்டீர்களா என்று கேட்டால், "வெளியே மழை, வேற என்ன செய்ய?" என்று பதில் வரும்.

சிக்கலே அங்குதான். எண்ணெய் காற்றுபட்டு மெல்ல இறுகும். சூடு பட்டால் இன்னும் வேகமாக இறுகும். வாணலியின் அடியில் பழுப்பாகப் பிசின் படிகிறதே, அதுவேதான் நூலிழைக்குள்ளும் நடக்கிறது. சூரியகாந்தி எண்ணெயும் நல்லெண்ணெயும் சீக்கிரம் இறுகும், தேங்காய் எண்ணெய் அவ்வளவு இல்லை. அயர்ன் பெட்டியும் டிரையர் செய்யும் வேலையைத்தான் செய்யும்.

பழைய கறைக்குப் பவுடர் தூவிப் பயனில்லை, அது ஈரம் காயாத எண்ணெய்க்குத்தான். பருத்தித் துணி என்றால், காய்ந்த கறைமேல் பாத்திரம் கழுவும் திரவத்தை நேரடியாக ஊற்றி, விரலால் தேய்த்து, அரை மணி நேரம் விடுங்கள். முதலிலேயே தண்ணீரில் நனைத்துவிட்டால் திரவம் நீர்த்துப்போகும். அப்புறம் என்சைம் உள்ள சலவைத்தூளைக் கலந்த வெதுவெதுப்பான நீரில், சுமார் 40 டிகிரி போதும், சில மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். கொதிநீரில் என்சைம் செயலிழந்துவிடும். ஈரத்துணியில் கறை தெரியாது, அதனால் நிழலில் காயவைத்துப் பாருங்கள். மிச்சம் இருந்தால் மறுபடியும் செய்யலாம். பாலியஸ்டர் எண்ணெயை விடாது, அதற்குக் கூடுதல் பொறுமை வேண்டும்.

குழம்புக் கறை சோப்பு பட்டதும் சிவப்பானால் பயப்படாதீர்கள், அது மஞ்சள்தூள். எண்ணெய் போனபின் வெள்ளைத் துணியை வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டுத் துணி காயப்போடும் கழியில் வெயிலில் போடுங்கள், அந்த மஞ்சள் கறை மங்கிவிடும்.

தின்னர், பெட்ரோல் தடவும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. மூடிய வீட்டுக்குள் அந்த ஆவி தீப்பிடிக்கும். எண்ணெய் ஊறிய சமையலறைத் துணியை டிரையரில் போட்டு, சூட்டோடு குவித்து வைத்தாலும் தானாகவே பற்றிக்கொள்ளலாம். குளோரின் பிளீச் எண்ணெயை எடுக்காது. வினிகரோடு கலந்தால் நச்சுவாயு வரும்.

பட்டில் இதில் எதையும் செய்யாதீர்கள். பல என்சைம் தூள்கள் பட்டு நூலையே அரிக்கும். ட்ரை கிளீனிங்குக்குக் கொடுக்கும்போது என்ன எண்ணெய், எப்போது பட்டது, அதன்மேல் என்ன தடவினீர்கள் என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டியது.