விறைப்பு என்ற ஒரு சொல் போதாது

"கையைத் தளர்வாக விடுங்கள்" என்று சொல்லிவிட்டு, மருத்துவர் நோயாளியின் முழங்கையை மெல்ல நீட்டி மடக்குகிறார். பிறகு அதையே சட்டென்று வேகமாகச் செய்கிறார். அவர் தேடுவது ‘டோன்’: நாம் சும்மா இருக்கையில் இன்னொருவர் நம் கையை அசைத்தால் தசை காட்டும் எதிர்ப்பு.

அந்த எதிர்ப்பில் ஒரு பகுதி தசையின் மீள்தன்மையால் வருவது. மற்றொரு பகுதி அனிச்சைச் செயல். தசைக்குள் இருக்கும் நுண்ணிய உணரிகள் தசை இழுபடுவதைத் தண்டுவடத்துக்குத் தெரிவிக்க, ‘சுருங்கு’ என்ற கட்டளை திரும்பி வருகிறது. மூளை இந்தச் சுற்றை எப்போதும் அடக்கியே வைத்திருக்கிறது. பக்கவாதம் மூளையிலிருந்து இறங்கும் பாதையைச் சிதைத்தால் அந்தப் பிடி தளர்கிறது. முதல் நாள்களில் துவண்டு கிடந்த கை, நாள்களிலோ வாரங்களிலோ விறைக்கத் தொடங்கலாம். இதுவே ஸ்பாஸ்டிசிட்டி. வேகமாக இழுத்தால்தான் உணரிகள் பலமாகத் தூண்டப்படும்; ஆகவே இழுக்கும் வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடும். சில சமயம் பாதியில் திடீரென விட்டுக்கொடுக்கும், மடக்குக் கத்தியைப் போல.

பார்க்கின்சன் நோயில் வரும் ரிஜிடிட்டி வேறு. மெல்ல அசைத்தாலும் வேகமாக அசைத்தாலும், நீட்டினாலும் மடக்கினாலும், ஈயக்குழாயை வளைப்பதுபோல ஒரே சீரான எதிர்ப்பு. நடுக்கமும் சேர்ந்தால் பல்சக்கரம்போல விட்டு விட்டு நகரும். இரண்டையும் ‘விறைப்பு’ என்றே எழுதிவிடுகிறோம். அது எனக்கு உறுத்துகிறது. முன்னதற்குப் பக்லோஃபென் போன்ற மருந்துகள், பின்னதற்கு லெவோடோபா என்று சிகிச்சையே பிரிந்துபோகிறதே!

ஸ்பாஸ்டிசிட்டியை மதிப்பிட 1987இல் திருத்தப்பட்ட ஆஷ்வொர்த் அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. அதன் படிகள் 0, 1, 1+, 2, 3, 4. அறிக்கையில் 0 என்று கண்டு பதற வேண்டாம். டோன் இயல்பைவிடக் கூடவில்லை என்பதே அதன் பொருள். டோனே இல்லை என்பதல்ல. 4 என்றால் மூட்டு அசையாமல் இறுகிவிட்டது.

டோன் குறைவது ஹைப்போடோனியா. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் குழந்தை நழுவி வழியும். கைகளைப் பிடித்து எழுப்பினால் தலை பின்னால் தொங்கும். டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. பெற்றோர் இதைப் பலவீனம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் துவண்ட கால்களாலும் ஒரு குழந்தை நன்றாக உதைக்கக்கூடும். வலிமை என்பது தசை தானாக முயலும்போது தெரிவது. இரண்டும் சேர்ந்தே குறைந்திருந்தால் நரம்பையோ தசையையோ மருத்துவர் சந்தேகிப்பார்; டோன் மட்டும் குறைந்திருந்தால் அவருடைய பார்வை பெரும்பாலும் மூளையின் பக்கம் திரும்பும்.