நெருஞ்சிக்காயும் குருவியின் அலகும்

பசிபிக் பெருங்கடலில், ஈக்வடாருக்குச் சொந்தமான கலாபகஸ் தீவுக்கூட்டத்தில், டாப்னே மேஜர் என்றொரு சிறு எரிமலைத் தீவு உண்டு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் ஆண்டுதோறும் அங்கே சென்று, பிஞ்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகை அளந்து பறக்கவிட்டு வந்தார்கள். சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்துப் பெருக, மற்றவை குறையும் இயற்கைத் தேர்வு நடப்பதை நேரில் காண முடியாது, நெடுங்காலம் கழித்தே அதன் விளைவு தெரியும் என்று டார்வினே எண்ணியிருந்தார். அந்தத் தீவிலோ அது கண்ணெதிரே நடந்தது.

1977இல் மழை பொய்த்தது. மென்மையான சிறு விதைகள் தின்று தீர்ந்தபின் மிஞ்சியவற்றில் முக்கியமானது, நம் நெருஞ்சியின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடியின் காய். வெறுங்காலில் நடந்து பழகியவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. காய்ந்ததும் அது ஐந்து துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொன்றும் முள்ளும் கெட்டியான ஓடுமாக இருக்க, விதைகள் உள்ளே கிடக்கும். தடித்த அலகுள்ள குருவி ஓட்டைக் கவ்வித் திருகி உடைத்துவிடும். அதைவிட ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவே மெலிந்த அலகுள்ள இன்னொரு குருவி முயன்று பார்த்துக் கைவிட்டுவிடும். அங்கே வாழும் நடுத்தரத் தரைப் பிஞ்ச் என்ற இனத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு அந்த வறட்சியில் மறைந்தன. பிழைத்தவற்றில் தடித்த அலகுள்ளவையே மிகுதி.

தேவைக்கேற்ப அலகு வளர்ந்தது என்று இதை விளக்குவோர் உண்டு, அது தவறு. எந்தக் குருவியின் அலகும் வளரவில்லை, மெலிந்த அலகுள்ளவை அதிகம் செத்ததால் சராசரி உயர்ந்தது, அவ்வளவே. ஆயினும் அலகின் தடிமன் பெற்றோரிடமிருந்து பெருமளவு வழிவழியாக வருவது என்பதால், அடுத்த ஆண்டு பொரித்த குஞ்சுகளின் அலகும் வறட்சிக்கு முந்தைய சராசரியைவிடச் சுமார் 4 விழுக்காடு தடித்திருந்தது. பரிணாமம் என்பது இந்த இரண்டாவது பகுதிதான்.

1982-83இல், பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவால் மழை கொட்டி, சிறு விதைகள் பெருகியதும், தேர்வின் திசை திரும்பிச் சிறிய அலகுகளுக்குச் சாதகமாயிற்று. அந்த மழைக்காலத்தில் குடியேறிய பெரிய தரைப் பிஞ்ச் என்ற வேறோர் இனம் நெருஞ்சிக்காயில் போட்டிக்கு வந்ததால், 2004-05 வறட்சியில் 1977க்கு நேர்மாறாக, நடுத்தர இனத்தின் தடித்த அலகுக்காரர்களே அதிகம் மடிந்தன.

அலகின் பருமனை நிர்ணயிப்பதில் பெரும்பங்கு வகிக்கும் எச்.எம்.ஜி.ஏ.2 என்ற மரபணுவை 2016இல் அடையாளம் கண்டார்கள். ஒரே மூதாதையிலிருந்து கிளைத்த இந்தப் பிஞ்ச் இனங்களுக்கு மட்டும் உரியதன்று அது. நம் உடலிலும் இருக்கிறது, நம் உயரத்தில் அதற்கும் ஒரு சிறு பங்கு உண்டு.