கிளாடியேட்டர்: கம்பிகள் தாங்கிய இறக்கைகள்

1934 செப்டம்பரில் குளோஸ்டர் நிறுவனத்தின் சோதனை விமானம் ஒன்று இங்கிலாந்தில் முதன்முறையாக வானேறியது. ஹென்றி ஃபாலண்ட் வடிவமைத்த அந்த முன்மாதிரியிலிருந்து உருவான கிளாடியேட்டரே பிரிட்டிஷ் விமானப்படையின் கடைசி இருதளப் போர் விமானம், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள் கொண்டது. அதன் திறமைக்கும் வரம்பிற்கும் காரணம் ஒன்றுதான்: இறக்கைகளை இணைத்துக் கட்டிய கம்பிகள்.

மெல்லிய இறக்கை ஒன்று தனியாக நீண்டு நின்றால், பறக்கும்போது எழும் ஏற்றுவிசை அதை மேல்நோக்கி வளைக்கும். அதைத் தாங்க உள்ளே கனமான சட்டம் வேண்டும். இரண்டு இறக்கைகளை இடைவெளி விட்டு அடுக்கி, நடுவே தூண்களை நிறுத்தி, மூலைக்கு மூலை கம்பிகளை இழுத்துக் கட்டினால், முழு அமைப்பும் இரும்புப் பாலத்தின் சட்டகம் போல இறுகிவிடுகிறது. பறக்கும்போது ஒரு தொகுதிக் கம்பிகள் இறக்கை மேலே மடங்காமல் பிடித்துக்கொள்கின்றன; தரையில் நிற்கும்போது குறுக்கே எதிர்த்திசையில் ஓடும் மற்றொரு தொகுதி இறக்கைகளின் எடையைச் சுமக்கிறது. எடை மிகாமல் வலிமை தரும் இந்த ஏற்பாடு உண்மையிலேயே அழகானது.

இதனால் சிறிய விமானத்திற்கும் பெரிய இறக்கைப் பரப்பு கிடைத்தது. சுமார் 2,100 கிலோ எடையுள்ள கிளாடியேட்டருக்கு 30 சதுர மீட்டர் பரப்பு இருந்ததால், ஒரு சதுர மீட்டர் சுமந்த எடை 70 கிலோ மட்டுமே. ஒற்றைத்தள விமானமான ஹாக்கர் ஹரிக்கேனில் அது ஏறத்தாழ 120 கிலோ. இந்தச் சுமை குறையக் குறைய விமானம் மேலும் சிறிய வட்டத்தில் திரும்ப முடியும் என்பதால், வளைந்து வளைந்து நடக்கும் சண்டையில் கிளாடியேட்டரைப் பின்தொடர்வது கடினம்.

ஆனால் ஒவ்வொரு தூணும் கம்பியும் காற்றைக் கிழித்தபடி விமானத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பவும், அதை வெல்லத் தேவையான எந்திரத்திறன் மும்மடிக்கு ஏற்பவும் உயரும். இதற்கு முந்தைய குளோஸ்டர் விமானமான காண்ட்லெட் ஏறத்தாழ 640 குதிரைத்திறனில் மணிக்கு 370 கி.மீ. வேகத்தை எட்டியது. கிளாடியேட்டரின் மெர்க்குரி எந்திரம் சுமார் 840 குதிரைத்திறன் தந்தும் வேகம் 407 கி.மீ. வரைதான் உயர்ந்தது. பத்தில் ஒரு பங்கு வேகத்தைக் கூட்ட, மூன்றில் ஒரு பங்கு திறனைக் கூட்ட வேண்டியிருந்தது.

ஃபாலண்ட் இதை நன்கு அறிந்திருந்தார். காண்ட்லெட்டில் பக்கத்திற்கு இரண்டு இணைகளாக இருந்த தூண்களை ஓர் இணையாகக் குறைத்தார். சக்கரங்களுக்குள்ளேயே சுருள்வில்லை வைத்து, தரையிறங்கும் கால்களின் குறுக்குக் கம்பிகளையும் நீக்கினார். விமானப்படை கேட்ட நான்கு இயந்திரத் துப்பாக்கிகளில் இரண்டு மூக்குப்பகுதியில் அமைந்தன. சுழலும் விசிறியின் அலகு குறுக்கே வரும் கணத்தில் குண்டு வெளியேறாதபடி எந்திரத்தோடு இணைந்த ஒரு பொறியமைப்பு அவற்றைக் கட்டுப்படுத்தியது. மற்ற இரண்டும் விசிறி வட்டத்திற்கு வெளியே, கீழ் இறக்கையின் அடியில் இருந்தன.

1937 தொடக்கத்தில் கிளாடியேட்டர் படையில் சேர்ந்தது. அதே ஆண்டின் இறுதியில் ஹரிக்கேனும் வந்துவிட்டது. ஆயினும் ஓய்வு கிட்டவில்லை. 1940 ஏப்ரலில் குளோரியஸ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து புறப்பட்ட 18 கிளாடியேட்டர்கள் நார்வேயின் உறைந்த லெஸ்யாஸ்கோக் ஏரியில் இறங்கின. ஒரே இரவில் கார்புரேட்டர்களும் கட்டுப்பாட்டு உறுப்புகளும் பனியில் உறைந்துபோயின. மறுநாள் ஜெர்மானியக் குண்டுவீச்சில் பெரும்பாலானவை தரையிலேயே அழிந்தன.

அதே ஆண்டு ஜூனில் இத்தாலி மால்டாவைத் தாக்கியபோது, பெட்டிகளில் கிடந்த கடற்படைக் கிளாடியேட்டர்களைப் பொருத்தியெடுத்துப் பறக்கவிட்டனர். மூன்றே விமானங்கள் தீவைக் காத்தன என்ற கதை பரவலானது. உண்மையில் பொருத்தப்பட்டவை மூன்றுக்கும் மேல், ஒரே வேளையில் வானில் இருந்தவைதான் பெரும்பாலும் மூன்றைத் தாண்டவில்லை. எதிரியின் சவோயா-மார்செட்டி குண்டுவீச்சு விமானங்கள் வேகத்தில் கிளாடியேட்டரை மிஞ்சியதால், துரத்திப் பிடிக்க வழியில்லை. எனவே விமானிகள் முன்கூட்டியே உயரத்திற்கு ஏறிக் காத்திருந்து, பாய்ந்திறங்கும்போது கிடைக்கும் கூடுதல் வேகத்தைக் கொண்டு தாக்க வேண்டியிருந்தது. மால்டாவில் பறந்த அந்தக் கிளாடியேட்டர்களுள் ஒன்றின் உடற்பகுதி, தீவின் தலைநகர் வலெட்டாவிலுள்ள போர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.