பகிர்வுப் பொருளாதாரமா, செயலித் தரகா?

கைபேசிச் செயலியில் ஓட்டோ பிடிப்பதையும் திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீட்டை நாள் வாடகைக்கு எடுப்பதையும், ஆங்கிலத்தின் 'ஷேரிங் எக்கொனொமி'யை மொழிபெயர்த்து, 'பகிர்வுப் பொருளாதாரம்' என்று எழுதுகிறார்கள். நகர வாழ்வை அது மாற்றுகிறதாம். மாற்றம் உண்மை, பெயர் பிழை.

பகிர் என்பது பகு என்ற வேரிலிருந்து வந்தது. பகுதி, பங்கு எல்லாம் அதன் உறவு. ஆங்கில 'ஷேர்' என்ற சொல்லும் வெட்டிப் பிரிப்பதில் தொடங்கியதுதான். சரி, அகராதிப்படி பொருந்துகிறது. பழக்கத்தில்தான் இடிக்கிறது. குறள் 322இல் வரும் 'பகுத்துண்டு' தன் சாப்பாட்டில் பிறருக்கும் கொடுப்பது. எங்கள் கரையில் கரைவலை, அதாவது கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் பெரிய வலை, இழுப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மீன் விற்ற காசில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு இவ்வளவு, இழுத்தவர்களுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். மீன் படாத நாளில் பிரிக்க ஒன்றுமிருக்காது. அந்த நட்டத்தையும் சேர்ந்து தாங்குவதால்தான் அதற்குப் பங்கு என்று பெயர்.

செயலி நிறுவனம் எதைத் தாங்குகிறது? பெட்ரோல், டயர், லீசிங் காசு எல்லாம் ஓட்டுபவர் தலையில். பஸ் நிலையத்தடியில் ஒரு தம்பி போனைத் திருப்பிக் காட்டினார். ஓட்டத்துக்கு வந்த தொகை மேலே, கழித்தது அதன் கீழே. "இதில எங்க, அண்ணன், பகிர்வு? கொமிஷன் வெட்டிப்போட்டுத்தான் மிச்சம் வரும்" என்றார். கொமிஷனுக்குத் தமிழில் தரகு என்ற சொல் இருக்கிறதே! காணித் தரகு, மாட்டுத் தரகு, கல்யாணத் தரகு என்று ஊரெல்லாம் புழங்கும் சொல். 'செயலித் தரகு' என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

ஒருவர் 'பகிர்மானப் பொருளாதாரம்' என்றும் எழுதியிருந்தார். பகிர்மானம் தமிழ்நாட்டில் மின் விநியோகத்துக்கு நிலைத்துவிட்ட சொல். அதையும் இழுத்துக் குழப்ப வேண்டாம்.

2007இல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு நண்பர்கள் தங்கள் வீட்டிலேயே காற்று மெத்தை போட்டு ஆட்களைத் தங்கவைத்தார்கள். வீடுகளை நாள் வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கும் ஏர்பிஎன்பி நிறுவனம் அப்படித்தான் தொடங்கியது. அன்று பகிர்வு என்றால் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். இன்று முழு வீடுகளே சுற்றுலா வாடகைக்குப் போகின்றன. குடியிருக்க வீடு கிடைக்கவில்லை என்றுதான் ஸ்பெயினின் பார்சிலோனா நகரம் வீடுகளைச் சுற்றுலா வாடகைக்கு விடும் அனுமதிகளை 2028க்குள் நிறுத்தப்போவதாக 2024இல் அறிவித்தது. 'பகிர்வுக்குத் தடை' என்று அதைத் தமிழில் எழுதினால், நல்ல காரியத்தை ஏன் தடுக்கிறார்கள் என்றுதான் வாசகர் நினைப்பார். நிறுவனங்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயரை அப்படியே மொழிபெயர்த்தால் இதுதான் நடக்கும். மொழிபெயர்ப்பாளர் சொல்லைப் பார்த்தால் போதாது, காசு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்றும் பார்க்க வேண்டும்.

நாலு பேர் சேர்ந்து நிலாவெளிக்கு வான் பிடித்து வாடகையைப் பிரித்துக் கொடுக்கிறார்களே, பகிர்வு என்ற சொல்லை அவர்களுக்கு விட்டுவைப்போம்.